உதவி நின்றால் கையில் என்ன மிச்சம்? வெலிங்டன் படைவீட்டுப் பெண்களுக்கான படிப்புதவிகள், ஒரு மதிப்பீடு

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பக்கம் மிலிட்டரி குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் பெண்கள் பட்டப்படிப்பு, பி.எட்., தொழிற்பயிற்சி என்று விசாரிக்கத் தொடங்கியதும் நாலு பேர் நாலு திட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் நிறுத்துப் பார்த்திருக்கிறோம். பாதி வழியில் பணம் நின்றுபோனால் அந்தப் பெண்ணின் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் அந்த அளவுகோல். எவ்வளவு கிடைக்கும் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இதை முதலில் கேட்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் ராணுவத்தினரின் மனைவி அல்லது கணவர் படிக்க ஒருவருக்கு 6,000 டாலர் வரை கொடுத்த ‘மைகா’ என்ற திட்டம் 2010 பிப்ரவரி 16 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் நிறுத்தப்பட்டது. விண்ணப்பங்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு குவிந்தன, ஒதுக்கிய பணம் தாங்கவில்லை. ஏற்கெனவே கணக்கு வைத்திருந்தவர்களுக்கு மார்ச் மாதம் மறுபடி திறந்தார்கள். அக்டோபரில் புதிய வடிவத்தில் வந்தபோது உச்சவரம்பு 4,000 டாலர், கீழ்நிலைப் பதவியில் இருப்பவர்களின் துணைவர்களுக்கு மட்டும், சான்றிதழ், உரிமம், இரண்டாண்டுப் பட்டம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருங்கியிருந்தது. நான்காண்டுப் பட்டத்தை அந்தப் பணத்தை நம்பித் தொடங்கியவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

நம் ஊரிலும் ஒன்று நடந்தது. போரில் உயிர்நீத்த, காணாமல்போன, ஊனமுற்ற வீரர்களின் பிள்ளைகளுக்கு 1970களின் தொடக்கத்திலிருந்து கல்விக் கட்டணம் முழுவதும் கிடைத்துவந்தது. 2017 செப்டம்பரில் வந்த ஆணை, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று சொல்லி, ஜூலை 1 முதலே அது செல்லும் என்றும் சேர்த்துக்கொண்டது. கல்வியாண்டு தொடங்கிக் கட்டணம் கட்டிய பிறகு வந்த ஆணை! எதிர்ப்பு கிளம்பி 2018 மார்ச்சில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். திரும்பக் கிடைத்தது சரி, நடுவில் ஒரு கல்வியாண்டு கழிந்துபோனது.

இனித் திட்டங்களுக்கு வருவோம். கீழே பார்க்கும் இரண்டு பெரிய திட்டங்களிலும் பணியில் இருக்கும் ஜவானின் மனைவிக்கு இடமில்லை. இது தெரியாமல் கணவரின் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு ஊட்டியில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு பஸ் ஏற வேண்டாம். சம்பளத்தோடு வரும் கல்விப் படியும் பிள்ளைகளுக்குத்தான். 2024 ஜனவரியிலிருந்து ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு என்ற கணக்கு அது, மனைவியின் படிப்புக்கு ஒட்டாது.

பிரதமர் கல்வி உதவித்தொகை முதலாவது. 2006-07இல் வந்தது, தேசியப் பாதுகாப்பு நிதியிலிருந்து நடக்கிறது. முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும், படைவீரர்களின் விதவையருக்கும் உரியது. பெண்களுக்கு மாதம் 3,000, ஆண்களுக்கு 2,500, ஆண்டுக்கு மொத்தம் 5,500 பேர். பி.இ., மருத்துவம், பி.எட்., பி.பி.ஏ., பி.சி.ஏ., பார்மசி போன்ற தொழிற்படிப்புக்கு மட்டும். முதுநிலையில் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. மட்டும். பி.ஏ. தமிழ் படிக்கிறேன் என்றால் கிடையாது, தொலைநிலைக் கல்வி என்றாலும் கிடையாது. நுழைவதற்கான தகுதிப் படிப்பில் 60 சதவீதம் வேண்டும். பி.எட்.டுக்குப் பட்டப்படிப்பின் மதிப்பெண் பார்ப்பார்கள், பிளஸ் டூ மதிப்பெண் உதவாது. முதல் ஆண்டிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். இரண்டாம் ஆண்டில் கண்விழித்தவர்களுக்கு வாசல் மூடியிருக்கும்.

பணம் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வரும், பெண்களுக்கு 36,000. கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய தேதிக்கு அது வந்து சேராது. எனவே முதல் ஆண்டுப் பணத்தைக் கையிலிருந்து போடத் தயாராக இருப்பவர்களுக்குத்தான் இந்தத் திட்டம் முழுப் பயன் தரும். ஒவ்வோர் ஆண்டும் 50 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்தால்தான் தொடரும். அரியர் வைத்தால் அடுத்த ஆண்டுப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். நம் அளவுகோலில் இதற்கு நடுத்தர மதிப்பெண். பாதியில் நின்றால் தொழிற்படிப்பின் பாதிக்குச் சந்தையில் மதிப்பு குறைவு, பி.எட்.டின் பாதிக்கு மதிப்பே இல்லை.

இரண்டாவது, ரக்ஷா மந்திரி (பாதுகாப்பு அமைச்சர்) முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து வரும் கல்வி மானியம். ஹவில்தார் பதவி வரையில் ஓய்வுபெற்றவர்களின் இரண்டு பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரையிலும், விதவையருக்கு இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கும் கிடைக்கும். நீண்ட காலம் மாதம் 1,000 ரூபாயாக இருந்ததை, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 2,000 ஆக்கியிருக்கிறார்கள். தேர்ச்சி பெற்று மதிப்பெண் பட்டியலைக் காட்டிய பிறகு, முடிந்த ஆண்டுக்குக் கிடைக்கும் பணம் இது. கொடி நாள் நிதியை நம்பி நடப்பதால், விண்ணப்பம் ஏற்கப்பட்டாலும் பணம் வரும் மாதத்தை யாரும் உறுதி சொல்ல முடியாது. இதை எதிர்பார்த்துக் கட்டணம் கட்டக் கடன் வாங்குவது சரியல்ல. வந்தால் அடுத்த ஆண்டுக்கு உதவும் என்று வைத்துக்கொண்டால் நல்ல திட்டம்.

இரண்டுக்கும் முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய வாரியமான கேந்திரிய சைனிக் போர்டின் இணையதளத்தில்தான் விண்ணப்பம். அங்கிருந்து மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், மாநிலம், டெல்லி என்று மூன்று படி ஏறும். தளம் பார்க்கப் பழையது, ஆனால் வேலை செய்கிறது. பிரதமர் உதவித்தொகைக்கு மூன்று படிவங்கள் முக்கியம்: படைவீரர் சான்று, கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட போனஃபைட் (அங்கே படிப்பதற்கான சான்று), வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருப்பதற்கான சான்று. மூன்றுக்கும் தளத்தில் உள்ள மாதிரியையே அச்செடுத்து நிரப்புங்கள். கல்லூரி தன் லெட்டர்பேடில் அழகாகத் தட்டச்சு செய்து தரும் போனஃபைட் திரும்பி வர வாய்ப்பு அதிகம். ஜெராக்ஸை ஸ்கேன் செய்து ஏற்றக் கூடாது, அசலைத்தான் ஏற்ற வேண்டும். சமர்ப்பித்த பிறகு எஸ்.எம்.எஸ். வரும் என்று காத்திருக்காமல் வாரம் ஒருமுறை உள்ளே நுழைந்து நிலையைப் பாருங்கள். குறை சொல்லித் திருப்பியிருந்தால் அதைச் சரிசெய்யவும் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டு விண்ணப்பங்களை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சிக்கவைப்பது இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல், பென்ஷன் ஆணையில் வெறும் பெயர். இன்னும் சில பதிவுகளில் இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயராகவே ஆக்கியிருப்பார்கள். டெல்லியில் இருக்கும் கண்ணுக்கு இவை நான்கும் நான்கு பெண்கள். பணியில் இருக்கும்போதே திருமணமும் மனைவி பெயரும் பார்ட் டூ ஆர்டரில் (வீரரின் குடும்ப விவரம் பதியும் ராணுவ ஆணை) சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது, பிற்பாடு பென்ஷன் ஆணைக்கு அதுதான் அடிப்படை. மதராஸ் ரெஜிமெண்ட்காரர்களுக்கு ஆவண அலுவலகம் வெலிங்டனிலேயே இருப்பது பெரிய வசதி. மற்ற ரெஜிமெண்ட்காரர்கள் கடிதப் போக்குவரத்தில்தான் செய்ய வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். திருத்த வேண்டிய வரிசை: பள்ளிச் சான்றிதழை மூலமாக வைத்து முதலில் ஆதார், பிறகு வங்கி, அதன் பிறகு ராணுவ ஆவணம். தலைகீழாகப் போனால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை திருத்த நேரும். வங்கியில் இன்னொன்று. இரண்டு மூன்று கணக்கு இருந்தால், ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். பணம் வரவில்லை என்று அலுவலகத்துக்கு நடப்பதற்கு முன் பழைய ஊரில் திறந்த கணக்கையும் ஒருமுறை பாருங்கள்.

பணியில் இருக்கும் ஜவானின் மனைவிக்கு இதில் எதுவும் இல்லையே, அவர் என்ன செய்வது? எங்கள் முதல் பரிந்துரை இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். உதவித்தொகைத் திட்டமாக இல்லாவிட்டாலும் நம் அளவுகோலில் இதற்குத்தான் முதல் மதிப்பெண். கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு கட்டுவது, அடுத்த ஆண்டு பணமில்லை என்றால் மறுபதிவு செய்யாமல் விட்டுவிடலாம், கடன் எதுவும் நிற்காது. மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தை ஆறு ஆண்டு வரை இழுக்கலாம், இரண்டாண்டு முதுநிலையை நான்கு ஆண்டு வரை. முதலாண்டுத் தாள்கள் பாக்கி இருந்தாலும் இரண்டாமாண்டுக்குப் பதியலாம். கணவருக்கு மாறுதல் வந்தால் மண்டல மையத்தை மாற்றிக்கொண்டு ஜோத்பூரிலோ ஜோர்ஹாட்டிலோ தேர்வு எழுதலாம். எழுதித் தேறிய தாள் எங்கும் போகாது.

ஆனால் சுலபம் என்று நினைத்துச் சேர வேண்டாம். ஆண்டுக்கு 40 கிரெடிட் (படிப்புச் சுமையின் அலகு), ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்பது அவர்கள் கணக்கு. ஆக 1,200 மணி நேரம், தினம் மூன்றேகால் மணி நேரம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பாதிச் சுமையோடு திட்டமிடுவதே நடைமுறை. அசைன்மெண்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. அசைன்மெண்ட் கொடுக்காமல் தேர்வெழுதினால் அந்தத் தாள் முடியாது, பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

தொலைநிலையில் எங்கே சேர்ந்தாலும் முதலில் ஏ.பி.சி. எண் (கிரெடிட்டுகளைச் சேமிக்கும் கணக்கு), பிறகு டெப் எண் (யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் அடையாள எண்) உருவாக்க வேண்டும், பெயர் ஆதாரில் உள்ளபடி. மறுபடியும் இனிஷியல்! அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பருவத்தில் அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் பாருங்கள். பொறியியல், நர்ஸிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம் ஆகியவற்றைத் தபால்வழியில் தருவதாக யார் சொன்னாலும் கடையைவிட்டு இறங்கிவிடுங்கள், அந்தப் பட்டம் செல்லாது.

ராணுவப் பள்ளியில் ஆசிரியை ஆக வேண்டும் என்ற எண்ணம் குவார்ட்டர்ஸில் அதிகம். பட்டதாரி ஆசிரியைக்குப் பட்டமும் பி.எட்.டும் இரண்டிலும் 50 சதவீதமும், கூடவே ராணுவக் கல்விச் சங்கம் நடத்தும் தகுதித் தேர்வும் வேண்டும். இக்னோவில் பி.எட். இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கானது அது, புதிதாகப் படிப்பவர்களுக்கு நேரடிக் கல்லூரிதான் வழி, முழுதாக இரண்டு ஆண்டு. வெலிங்டனில் அதிகாரிகளுக்கு நடக்கும் ஸ்டாஃப் காலேஜ் பயிற்சி 45 வாரம்தான் என்பதால் அங்கே வரும் அதிகாரிகளின் மனைவியர் இங்கே பி.எட். தொடங்குவது வீண். ரெஜிமெண்ட் சென்டர் போஸ்டிங்கில் வந்தவர்கள் வந்த முதல் கல்வியாண்டிலேயே சேர்ந்தால் முடிக்கலாம். நடுவில் கணவர் குடும்பத்தை அழைத்துப்போக முடியாத ஃபீல்டு பகுதிக்குப் போனால் பிரிந்த குடும்பங்களுக்கான குவார்ட்டர்ஸுக்கு உடனே எழுதிப்போடுங்கள், வரிசை நீளம்.

நம் அளவுகோலில் கடைசி இடம், மாதத் தவணையில் விற்கப்படும் தனியார் ஆன்லைன் கோர்ஸ்களுக்கு. போனில் பேசுபவர் ‘இன்ஸ்டால்மெண்ட்’ என்பார், கையெழுத்தாவது ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரத்தில். கோர்ஸை நிறுத்தினாலும் தவணை நிற்காது. கடைசியில் வங்கிகள் பார்க்கும் கிரெடிட் ஸ்கோர்தான் அடிவாங்கும். உதவித்தொகை வரும் என்ற நம்பிக்கையில் இதில் இறங்குவது இரட்டை ஆபத்து.

உதவி நின்றுவிட்டதாகச் செய்தி வந்தால் முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை. வாட்ஸ்அப்பில் சுற்றுவதை விட்டு ஆணையின் நகலைப் பெறுங்கள். அது புதிதாகச் சேர்பவர்களுக்கா, ஏற்கெனவே பெறுபவர்களுக்குமா, எந்தத் தேதியிலிருந்து என்ற மூன்றையும் படியுங்கள். 2010இல் அமெரிக்காவில் பழைய பயனாளிகளுக்குத்தான் முதலில் கதவு திறந்தது, எனவே கணக்கையும் விண்ணப்பத்தையும் ரத்து செய்யாதீர்கள். கையில் இருக்கும் பணத்தில் முதலில் தேர்வுக் கட்டணம் கட்டுங்கள், கல்விக் கட்டணம் தவணைக்கு இறங்கும், தேர்வுத் தேதி இறங்காது. கல்லூரி முதல்வரிடம் தவணை கேட்பதை எழுத்தில் கேட்டு, நகலில் முத்திரை வாங்குங்கள். அதற்கும் வழியில்லை என்றால் வித்யாலட்சுமி என்ற கல்விக் கடன் விண்ணப்பத் தளம் வழியாகக் கடன். 4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது, நம் பங்காக முன்பணமும் வேண்டியதில்லை. தொலைநிலைப் படிப்புக்கு வங்கிகள் தயங்கும், நேரடிக் கல்லூரிக்குக் கொடுக்கும்.

மலைக்கே உரிய ஒன்று மிச்சம். இக்னோ தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்தால் போக்குவரத்து கோத்தகிரி வழியாகத் திரும்பும், அன்று கோவைக்கு இறங்கும் நேரம் யார் கையிலும் இல்லை. தேர்வு மையம் மலையிலேயே கிடைக்கிறதா என்று படிவம் நிரப்பும்போதே பாருங்கள். கீழேதான் என்றால் கடினமான தாள்களை ஜூனுக்கு ஒதுக்கி, டிசம்பர் தேர்வுக்கு முந்தின நாளே இறங்கிவிடுங்கள்.