கையைக் கடிக்காமல் சஸ்பென்ஸ் சீரீஸ்: பெங்களூரிலிருந்து ஒரு கணக்கு

வாரம் ஒரு எபிசோடாக வரும் சீரீஸில்தான் காசு சத்தமில்லாமல் கரைகிறது. ‘சிவியரன்ஸ்’ இரண்டாவது சீசனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி 17-இல் தொடங்கி மார்ச் 21-இல் முடிந்தது, 10 எபிசோடு. முதல் நாளே ஆப்பிள் டிவி சந்தா கட்டியவர், மாதம் 99 வீதம் மூன்று தவணை, 297 ரூபாய் கொடுத்திருப்பார். முடிந்தபின் கட்டியவருக்கு அதே 99-க்குள் முதல் சீசனின் 9 எபிசோடும் சேர்ந்து அடங்கிவிடும். மொத்தம் 19. தினம் ஒன்று பார்த்தாலும் பத்து நாள் மிச்சம்.

காத்திருப்பதில் ஒரே தொல்லை ஸ்பாய்லர். எக்ஸ் தளத்தில் சீரீஸ் பெயரையும் கதாபாத்திரப் பெயர்களையும் மியூட் செய்யலாம். யூடியூப் தம்ப்நெயிலுக்கு மருந்தே இல்லை. நெட்ஃபிளிக்ஸின் ஜெர்மன் காலப்பயண சீரீஸான ‘டார்க்’ பார்ப்பவருக்கு அந்தக் கவலையும் கிடையாது: யார் யாருக்கு அப்பா என்று முழுசாகச் சொன்னாலும் பாதி பேருக்குப் புரியாது.

‘டார்க்’ 3 சீசன், 26 எபிசோடு. தினம் ஒன்று என்றால் ஒரே மாதச் சந்தாவில் முடியும். ஆனால் நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் மொபைல் பிளானில் பார்க்க வேண்டாம். அது 480பி, போன் அல்லது டேப்லெட்டில் மட்டும். கதை 1953, 1986, 2019 என்று தாவும். ஒரே ஆளை வெவ்வேறு நடிகர்கள் செய்வார்கள். முகம் பிடிபடாவிட்டால் கதை பிடிபடாது. ஜெர்மன் வசனத்துக்குக் கீழே ஓடும் சப்டைட்டிலையும் வாசித்தாக வேண்டும். 199 ரூபாய் பிளானில் 720பி, டிவியிலும் ஓடும். அந்த 50 ரூபாயில் கஞ்சத்தனம் கூடாது.

டேட்டா விஷயமும் இதே கதைதான். நெட்ஃபிளிக்ஸ் ஆப்பில் மொபைல் டேட்டாவை ‘சேவ் டேட்டா’வில் வைத்தால் ஒரு ஜிபிக்குச் சுமார் 6 மணி நேரம் ஓடும். ஆனால் பிட்ரேட் (ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டா அளவு) குறையும்போது முதலில் அடிபடுவது இருட்டுதான். குகை, காடு, மழை இரவெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். ‘சிவியரன்ஸ்’ மாதிரி வெள்ளை வெளேரென்ற காரிடார்கள் ஓரளவு தாங்கும். அதனால் இருட்டான தொடர்களை ஸ்ட்ரீம் செய்யாமல் டவுன்லோடு போடுங்கள். பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) வைஃபை ராத்திரி 8 முதல் 11 வரை திணறும். காலையில் சும்மா கிடக்கும். தினசரி பேக் வைத்திருந்தால், நள்ளிரவில் காலாவதியாகும் மிச்ச டேட்டாவை 11 மணிக்கு மேல் டவுன்லோடுக்குத் திருப்பிவிடலாம்.

அதிகம் பேர் பணம் விடும் இடம் ரத்து செய்வது. ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் சந்தா நிற்காது. எங்கே கட்டினீர்களோ அங்கேதான் ரத்து செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் கூகுள் பிளே வழியாகக் கட்டியிருந்தால் பிளே ஸ்டோரின் சந்தாப் பக்கத்தில். பிறகு யுபிஐ ஆப்பின் ஆட்டோபே பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். தவணை பிடிக்க 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரும். அதை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். பணம் கட்டிய அன்றே ரத்து செய்தாலும் அந்த மாதம் முழுக்கப் பார்க்கலாம். இலவச டிரயலில் மட்டும் அவசரம் வேண்டாம், ரத்து செய்ததுமே கதவு சாத்தப்படலாம். முடிய ஒரு நாளுக்குச் சற்று அதிகமாக இருக்கும்போது செய்தால் போதும்.

நெட்ஃபிளிக்ஸில் நிறுத்திய பின்பும் 10 மாதம் வரை உங்கள் பார்வை வரலாறு இருக்கும். அதே மின்னஞ்சலில் திரும்ப வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டவுன்லோடு செய்தவை மட்டும் சந்தாவோடு போய்விடும்.

மெட்ரோவில் பார்ப்பவர்களுக்கு: பர்ப்பிள் லைனில் கப்பன் பார்க் முதல் சிட்டி ரயில்வே ஸ்டேஷன் வரை சுரங்கம். சிக்னலை நம்பி கிளைமாக்ஸை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.