கைனேஸை எதைக் கொண்டு அளப்பது?

“பாஸ்போ-ஈஆர்கே பேண்டு தடித்திருக்கிறது, அதனால் ஈஆர்கேயின் செயல்பாடு கூடிவிட்டது.” புரதங்களை அளவு வாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டை வைத்து, லேப் மீட்டிங்கில் யாராவது இப்படிச் சொன்னால் எனக்குக் கை துறுதுறுக்கும். ஈஆர்கே ஒரு கைனேஸ், அதாவது புரதங்கள் மேல் பாஸ்பேட் ஒட்டும் நொதி. அதன் மேலேயே பாஸ்பேட் ஏறிய வடிவம்தான் பாஸ்போ-ஈஆர்கே. ஈஆர்கே மேல் அந்த பாஸ்பேட்டை ஒட்டியது அதற்கு மேலே இருக்கும் மெக் என்ற கைனேஸ். எடுத்துப் போடுவது பாஸ்பட்டேஸ்கள். ஆக, அந்த பேண்டு காட்டுவது மெக்கின் வரவுக்கும் பாஸ்பட்டேஸின் செலவுக்கும் இடையே நின்ற மிச்சம். ஈஆர்கே தன் வேலையைச் செய்ததா என்று அறிய, அது பாஸ்பேட் ஒட்டும் ஆர்எஸ்கே போன்ற அடுத்த புரதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கைனேஸ் செய்வது ஒரே காரியம். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியின் (அடினோசின் ட்ரைபாஸ்பேட்) கடைசி பாஸ்பேட்டைக் கழற்றி, ஒரு புரதத்தின் செரின், த்ரியோனின் அல்லது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஒட்டுகிறது. மிஞ்சுவது ஒரு பாஸ்பேட் குறைந்த அடினோசின் டைபாஸ்பேட். ஒட்டியதை எண்ணலாம், மிஞ்சியதை எண்ணலாம், அல்லது செல்லுக்குள்ளேயே எட்டிப் பார்க்கலாம்.

ஒட்டியதை நேராக எண்ணுவது பழைய கதிரியக்க முறை. பிகேஏ என்ற கைனேஸை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட கெம்ப்டைடு, கடைசி பாஸ்பேட்டில் பாஸ்பரஸ்-32 உள்ள ஏடிபி, மெக்னீசியம் கொடுத்து 30 டிகிரியில் 10 நிமிடம் வைப்போம். பிறகு பி81 என்ற சதுரக் காகிதத்தில் சொட்டுவிட்டு, பாஸ்பாரிக் அமிலத்தில் மூன்று நான்கு முறை அலசி, அசிட்டோனில் முக்கிக் காயவைத்து, சின்டிலேஷன் கவுண்டரில் எண்ணுவோம். கெம்ப்டைடில் இரண்டு ஆர்ஜினின் இருப்பதால் நேர்மின் சுமை. எதிர்மின் காகிதம் அதைப் பிடித்துக்கொள்ளும், மிச்ச ஏடிபி அலசலில் போய்விடும். (காகிதத்தில் எண்ணைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை அசிட்டோனில் கரைந்து, எது எந்தச் சாம்பிள் என்று முழிக்க வேண்டியதுதான்.)

நடுவில் ஆன்டிபாடி இல்லை, துணை நொதி இல்லை. எண்ணிக்கையைப் பிகோமோலாக மாற்றினால் வேகம் கையில். அதனால்தான் மற்ற முறைகள் சண்டை போட்டால் நான் இதைத்தான் நடுவராகக் கூப்பிடுவேன். தொல்லையும் உண்டு. பாஸ்பரஸ்-32 சுமார் 14 நாளில் பாதியாகிவிடும். ஈயத் தடுப்புக்கு முன் அக்ரிலிக் பலகை வேண்டும், இல்லாவிட்டால் அதன் பீட்டா கதிர் ஈயத்தில் மோதி எக்ஸ் கதிரைக் கிளப்பும். அனுமதி, பதிவேடு, கழிவு என்று காகித வேலை தனி. செல் சாற்றை அப்படியே போட்டால் எந்தக் கைனேஸ் ஒட்டியது என்றும் தெரியாது. பிகேஏவை மட்டும் தடுக்கும் பிகேஐ பெப்டைடு சேர்த்த குழாய் ஒன்று பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

மிஞ்சியதை எண்ணுவது ஒளி முறை; ADP-Glo என்று கிட்டாகவே விற்கும் சரக்கில் ADP என்பது அந்த டைபாஸ்பேட்டைக் குறிக்கும். முதல் கரைசல் 40 நிமிடத்தில் மீந்த ஏடிபியைத் தீர்த்துவிடும். இரண்டாவது கரைசல் டைபாஸ்பேட்டை ஏடிபியாக மாற்றி, லூசிஃபெரேஸ் என்ற ஒளி நொதி மூலம் வெளிச்சமாக்கும். எந்தக் கைனேஸுக்கும் ஆகும், 384 குழித் தட்டிலும் ஓடும். ஆனால் ஏடிபியை உடைக்கும் எதுவும் இங்கே கைனேஸ் வேஷம் போடும். பாக்டீரியாவில் தயாரித்து ஒரே ஒரு பிரிப்புத் தூணில் (column) சுத்தம் செய்த நொதியை ஒருமுறை நம்பி ஓட்டினேன். பாஸ்பேட் ஏற வேண்டிய புரதமோ பெப்டைடோ (சப்ஸ்ட்ரேட்) போடாத குழி பளிச்சென்று எரிந்தது. கூடவே ஒட்டி வந்த டிஎன்ஏகே என்ற பாக்டீரியப் புரதம்தான் அங்கே ஏடிபியைத் தின்றுகொண்டிருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இன்னொரு பொறி, லூசிஃபெரேஸையே தடுக்கும் மருந்து மூலக்கூறு. கைனேஸைத் தடுத்தது போலவே வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டும்.

வெஸ்டர்ன் பிளாட்டைத் திட்டித்தான் தொடங்கினேன். இருந்தாலும் மலிவு, எல்லா லேபிலும் இருக்கிறது. செல்லை உடைக்கும்போதே பாஸ்பட்டேஸ்களை நிறுத்தாவிட்டால் எல்லாம் வீண். அவற்றைத் தடுக்கும் ஆர்த்தோவனடேட்டைப் பிஹெச் 10-இல் வைத்து, மஞ்சள் போய் நிறமில்லாமல் ஆகும்வரை கொதிக்கவைக்கச் சோம்பல்படக் கூடாது. ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கும் பிளாக்கிங்குக்குப் பால்பொடி வேண்டாம், மாட்டு ரத்தப் புரதமான பிஎஸ்ஏ போதும். பாலின் கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம்.

உயிருள்ள செல்லில் பார்க்க ஃப்ரெட் சென்சார்: இரண்டு ஒளிப் புரதங்கள் நெருங்கினால் ஒன்றின் ஆற்றல் மற்றதற்குத் தாவுவதைக் காட்டும் மூலக்கூறு. ரோஜர் சியென் குழு 2001-இல் வெளியிட்ட ஏகார் பிகேஏவுக்கானது. பாஸ்பேட் ஏறியதும் மூலக்கூறு மடங்கி, நீல ஒளிப் புரதமும் மஞ்சள் ஒளிப் புரதமும் நெருங்கும். இரண்டின் விகிதம் மாறும். பிகேஏவைத் தூண்டிவிடும் ஃபோர்ஸ்கோலின் சொட்டு விட்டு, செல்லின் எந்த மூலையில் எப்போது பிகேஏ விழிக்கிறது என்று திரையில் பார்க்கலாம். விகிதம் மாறுவது பெரும்பாலும் கொஞ்சமே, பிகோமோல் கணக்கும் கிடைக்காது. இங்கேயும் பாஸ்பட்டேஸ் எதிர்ப்பக்கம் இழுக்கும்.

புது மருந்து மூலக்கூறுகள் நூறு வந்தால் நான் ஒளி முறையில் சலிப்பேன், தேறியதைப் பி81 காகிதத்தில் சரிபார்ப்பேன். அப்புறம் செல். குழாயில் 10 மைக்ரோமோலார் ஏடிபியோடு அருமையாகத் தடுத்த மூலக்கூறு, மில்லிமோலார் அளவில் ஏடிபி நிறைந்த செல்லுக்குள் போனதும் கைனேஸில் ஏடிபி அமரும் அதே இடத்துக்குப் போட்டியிட்டுத் தோற்பது சகஜம்.