ஒன்பது ஆண்டு உழைத்த பித்தளைக் குண்டு

எங்கள் பள்ளியின் குண்டு-வளையக் கருவிக்கு இந்த ஜூனோடு ஒன்பது வயது. ஆண்டுதோறும் வெப்ப விரிவுப் பாடம் வரும்போது அலமாரியிலிருந்து இறங்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: குளிர்ந்த குண்டு வளையத்துக்குள் மயிரிழை இடைவெளியில் நுழைய வேண்டும்; அப்போதுதான் சூட்டில் விரிந்த குண்டு நுழையாமல் நிற்கும். 25 மி.மீ. பித்தளைக் குண்டை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினாலும் விட்டம் பெருகுவது 0.1 மி.மீ. அளவுதான். முதலில் வந்த செட் தளர்வானது. பத்து நிமிடம் காய்ச்சிய குண்டு வளையத்துக்குள் சொத்தென்று விழுந்தது. "சுருங்கிவிட்டதா சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். அன்றே திருப்பி அனுப்பினேன்.

ஒருமுறை விளக்குக்கு ஊற்றும் ஸ்பிரிட் தீர்ந்துபோய் மெழுகுவர்த்தியில் சுட்டேன். கரி அப்பிக்கொண்டதால் மறுநாள் ஆறிய குண்டும் நுழைய மறுத்தது! புளி போட்டுத் தேய்த்தேன், சரியாயிற்று. உப்புத்தாள் மட்டும் வேண்டாம்; தேய்ந்த குண்டு வளையத்துக்குத் தளர்ந்துவிடும்.

சூடான குண்டு வளையத்தின் மேல் உட்கார்ந்துகொள்வதைக் காட்டிவிட்டுப் பலர் அத்தோடு பாடத்தை முடித்துவிடுகிறார்கள். நான் அதை அப்படியே விட்டுவிடுவேன். வகுப்பே மூச்சடக்கிப் பார்த்திருக்க, குண்டு ஆறி, வளையம் சூடேறி, திடீரென்று 'ணங்' என்று சங்கிலியில் தொங்கும். அந்தச் சத்தத்துக்காகவே இந்தக் கருவிக்குக் கொடுத்த காசு தகும்.

அடுத்து கேட்பேன்: வளையத்தை மட்டும் சுட்டால் ஓட்டை பெரிதாகுமா, சிறிதாகுமா? உலோகம் உள்பக்கமாகவும் உப்பும் என்று நினைத்து, முக்கால்வாசிப் பேர் சிறிதாகும் என்றே கை தூக்குவார்கள். குண்டை மறுபடி காய்ச்சிச் சிக்க வைத்து, எடுக்காமல் வளையத்தைச் சுற்றிச் சுடர் காட்டினால் குண்டு நழுவி இறங்கும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் கதையை அப்போது சொன்னால்தான் எடுபடும்: சற்றே சிறிய பட்டையைத் தீயில் பழுக்கக் காய்ச்சி மாட்டி, தண்ணீர் ஊற்றினால் கவ்விக்கொள்ளும்.

கூடவே வாங்கிய ஈருலோகத் தகட்டை (இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை; சுட்டால் வளையும், ஆறினால் நிமிரும்) பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. அளவுக்கு மீறிச் சுட்டதாலோ என்னவோ, இரண்டாம் ஆண்டிலேயே நிமிர மறந்துவிட்டது.

ஓர் ஆபத்து: சூடான குண்டு சிவக்காது, பார்க்கப் பச்சைப்பிள்ளை போல இருக்கும். என் கட்டைவிரலில் அதற்கான தழும்பு உண்டு. இப்போது சுட்டதும் பீங்கான் தட்டில் வைத்து, பக்கத்தில் சாக்கட்டியால் 'தொடாதே' என்று எழுதுகிறேன்.

மரக்கைப்பிடி கருகி இரண்டு முறை மாற்றினேன். சங்கிலி ஒருமுறை அறுந்தது. இப்போது தொங்குவது சைக்கிள் கடைக் கம்பி.