பிரிந்த தேதி எது? சிங்கப்பூர்ச் சட்டத் தளம் சொல்வதும் சொல்லாததும்

மணவிலக்கில் சொத்துப் பிரிவினைக்குத் தயாராகிறவர்கள் முதலில் திறக்க வேண்டியது, சிங்கப்பூர்ச் சட்டங்களின் அரசாங்க இணையத்தளம். கட்டணம் இல்லை. திருமணம், மணவிலக்கு பற்றிய சட்டமான மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவைத் தேடுங்கள். அதன் 10ஆம் உட்பிரிவில் எது திருமணச் சொத்து என்ற விளக்கம் இருக்கிறது. பழைய வடிவங்களையும் தேதிவாரியாகப் பார்க்கலாம், அது பெரிய வசதி.

ஆனால் எந்தத் தேதிவரை சேர்ந்த சொத்தைக் கணக்கில் எடுப்பது என்பதை இந்தப் பிரிவு சொல்லவில்லை. பலர் தடுமாறுவது இங்கேதான். விடை தீர்ப்புகளில் இருக்கிறது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 'ஏஆர்ஒய் எதிர் ஏஆர்எக்ஸ்' வழக்கில், இடைக்காலத் தீர்ப்பு (மணவிலக்குக்கு முதலில் கிடைக்கும், இன்னும் இறுதியாகாத தீர்ப்பு) நாளையே வழக்கமான தொடக்கப்புள்ளியாக வைத்தது. வீட்டைவிட்டு வெளியேறிய நாள் தானாகவே எல்லைக்கோடு ஆகிவிடாது. அந்த நாளை எல்லையாக வைக்கக் கோருபவர் அதற்கான காரணத்தையும் ஆதாரத்தையும் காட்ட வேண்டும்: பிரிவு ஒப்பந்தப் பத்திரம், தனி வாடகை ரசீது, தனித்தனி வரவு செலவு.

இன்னொரு குழப்பம், சொத்தை அடையாளம் காணும் நாளும் மதிப்பிடும் நாளும் ஒன்றல்ல. வீட்டின் மதிப்பு பொதுவாகத் துணை விவகார (சொத்து, பிள்ளைகள், பராமரிப்புத் தொகை போன்றவை) விசாரணை நாளை ஒட்டிப் பார்க்கப்படும். வங்கி, மசேநி (மத்திய சேம நிதி) இருப்புகளுக்குப் பொதுவாக இடைக்காலத் தீர்ப்பு நாள்தான், எனவே அந்த நாளின் அறிக்கைகளை எடுத்து வையுங்கள்.

தளத்தின் பெரிய குறை, ஆங்கிலம் மட்டுமே. 112ஆம் பிரிவுக்காவது தமிழில் ஒரு விளக்கம் கட்டாயம் வேண்டும்.