கேப்பைப் பாலா, சத்துமாவா? வயிறு உப்புகிற பிள்ளைக்கு முதல் சாப்பாடு

ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு முதலில் எதை ஊட்டுவது என்று மதுரைப் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் இந்த ஐந்தில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: கேப்பைப் பால் (முளைகட்டிய கேழ்வரகை அரைத்துப் பிழிந்து காய்ச்சுவது), அரிசி பாசிப்பருப்புக் கஞ்சி, வீட்டில் வறுத்து அரைத்த சத்துமாவு, பாக்கெட் சிரியல், மசித்த காய் அல்லது பழம். வயிறு ஒழுங்காக இருக்கிற பிள்ளைக்கு இதில் எதில் தொடங்கினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பால் குடித்ததும் கக்குவது, சாயங்காலமானால் வயிறு கல்லாட்டம் உப்பிக்கொள்வது, வெளிக்குப் போக முகம் சிவக்க முக்குவது என்று இருக்கிற பிள்ளைக்குத் தெரியும். என் மகள் அப்படித்தான் இருந்தாள். அவளுக்குக் கேப்பைப் பாலில் தொடங்கினேன். அதனால் இந்த அலசல் கேப்பைப் பக்கம்தான் சாயும்.

வயதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆறு மாதம், அதாவது 180 நாள் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. "வயிறு சரியில்லை, கெட்டியாக ஏதாவது கொடுத்தால் நின்றுவிடும்" என்று நாலாம் மாதமே கஞ்சி ஊற்றச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தலை நின்று, பிடித்து உட்காரவைத்தால் உட்கார்ந்து, கரண்டியை நாக்கால் வெளியே தள்ளாமல் இருந்தால்தான் பிள்ளை தயார். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம், தேன் கூடவே கூடாது.

முதலில் பாக்கெட் சிரியலைச் சொல்லிவிடுகிறேன். இரும்புச் சத்து சேர்த்து வருவது அதன் உண்மையான பலம். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் இருக்கிற இரும்பு போதாது என்பதால் இது சின்ன விஷயமில்லை. வெந்நீர் ஊற்றினால் தயார் என்பதால் ஊருக்குப் போகும்போது கைகொடுக்கும். ஆனால் பெரும்பாலான பாக்கெட்டுகளில் கோதுமையும் பால் பவுடரும் சேர்ந்தே இருக்கும். பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்ற சந்தேகம் இருக்கிற பிள்ளைக்கு அந்த இரண்டையும் ஒரே கரண்டியில் முதல் நாளே கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. வாங்குவதாக இருந்தால் பின்பக்கத்தில் சேர்மானங்களைப் படித்துவிட்டு வாங்குங்கள். சர்க்கரை இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

காயும் பழமும் தனியாக முதல் சாப்பாடாக நிற்காது, ஆனால் வயிற்றைச் சரிசெய்ய அதைவிட நல்ல கருவி இல்லை. இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மலத்தை இறுக்குகிற பழமும் உண்டு, இளக்குகிற பழமும் உண்டு. வேகவைத்த ஆப்பிள், அரைப்பழமாக இருக்கிற வாழை, நேந்திரங்காய்ப் பொடி எல்லாம் இறுக்கும். வயிற்றாலே போகிற பிள்ளைக்கு அவை உதவும், ஆட்டுப் புழுக்கை மாதிரிப் போகிற பிள்ளைக்கு உபத்திரவம். பப்பாளி, பேரிக்காய், ஊறவைத்து மசித்துப் பிழிந்த உலர் திராட்சைச் சாறு ஆகியவை இளக்கும். நன்றாகக் கனிந்த சிறுமலை வாழைப்பழத்தை எங்கள் வீட்டில் மலம் இளக்குகிற பழமாகத்தான் தலைமுறையாகக் கொடுக்கிறார்கள். தோல் கறுத்துச் சுருங்கும் வரை விட்டு, நடுவில் இருக்கிற கறுப்பு விதைப் பகுதியை நீக்கிக் கொடுத்தபோது என் மகளுக்கு ஒத்துக்கொண்டது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அரிசிக் கஞ்சி கேப்பைக்குச் சரியான போட்டி. எளிதாகச் செரிக்கும், செய்வதும் சுலபம், பாசிப்பருப்பு சேர்ந்தால் புரதமும் வந்துவிடும். பருப்பு வகைகளில் வாயுவைக் கிளப்புகிற ஒருவகைச் சர்க்கரைகள் உண்டு. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நுண்ணுயிரிகள் நொதிக்கவைப்பதால்தான் உப்புசம் வருகிறது. கொண்டைக்கடலை, உளுந்து, சோயாவைவிடத் தோல் நீக்கிய பாசிப்பருப்பில் இந்தத் தொல்லை குறைவு. ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் இன்னும் குறையும். பின் ஏன் அரிசியில் தொடங்கவில்லை? அதில் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் சொற்பம், நார்ச்சத்தும் சொற்பம், முக்குகிற பிள்ளைக்கு மலம் இன்னும் இறுகலாம். அபூர்வமாக அரிசியே ஆகாத பிள்ளைகளும் உண்டு. சாப்பிட்டு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, வெளிறித் துவண்டுபோகும். அப்படி ஆனால் அதே உணவை மறுபடி கொடுத்துப் பார்க்கக் கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இனி உண்மையான சண்டைக்கு வருகிறேன். கேப்பைக்கும் சத்துமாவுக்கும்தான் எங்கள் வீட்டில் வாக்குவாதம் நடந்தது. என் அத்தை கீழமாசி வீதிக்குப் போய்க் கேப்பை, கம்பு, சம்பா கோதுமை, மக்காச்சோளம், பொட்டுக்கடலை, உளுந்து, சோயா, நிலக்கடலை, முந்திரி, பாதாம், ஏலக்காய் என்று பை நிறைய வாங்கி வந்திருந்தார். "ஏத்தா, ஒத்தத் தானியத்த மட்டும் ஊட்டுனா பிள்ளைக்கு எங்கிட்டுருந்து ஊட்டம் சேரும்?" என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். தானியமும் பருப்பும் கொட்டையும் சேர்ந்த மாவு ஒற்றைத் தானியத்தைவிடச் சத்தானது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அங்கன்வாடியில் ஆறு மாதம் முடிந்த பிள்ளைகளுக்குத் தருவதும் கலவை மாவுதான்.

ஆனால் வயிறு சரியில்லாத பிள்ளைக்கு முதல் மாதத்தில் நான் பார்க்கிற கணக்கு வேறு. இன்றைக்கு ராத்திரி பிள்ளை வயிறு உப்பி அழுதால், எதனால் என்று என்னால் சொல்ல முடியுமா? பதினொரு சாமான் கலந்த மாவில் அது முடியவே முடியாது. கோதுமையா, சோயாவா, நிலக்கடலையா, உளுந்தா? மாவு மொத்தத்தையும் நிறுத்துவோம், இரண்டு நாளில் பிள்ளை தேறும். மறுபடி அதே மாவைப் பாதியாகக் கொடுப்போம், மறுபடி உப்பும். கடைசியில் "மாந்தம்" என்று பெயர் வைத்து, உள்ளே சிக்கிய உணவை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுக்கவோ, வயிற்றைத் தடவிக் குடல் தட்டவோ நாட்டு வைத்தியம் பார்க்கிற யாரிடமாவது தூக்கிக்கொண்டு ஓடுவோம். நிஜமாகவே கோதுமையோ கடலையோ ஒவ்வாமையாக இருந்தால் அதற்குள் நாள்கள் கடந்திருக்கும். டாக்டரிடம் போனாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி "புதுசாக என்ன கொடுத்தீர்கள்?" என்பதுதான். "சத்துமாவு" என்ற பதிலை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

ஒற்றைத் தானியத்தில் அந்தக் குழப்பம் இல்லை. ஒரு உணவு, மூன்று நாள். வயிறு, மலம், தோல், தூக்கம் நான்கையும் கவனித்து நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் அடுத்தது. இப்படிப் போனாலும் ஒரு மாதத்தில் பத்து உணவு அறிமுகமாகிவிடும், அதனால் யாரும் சத்துக் குறைந்து போவதில்லை. அத்தையின் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வரை பிள்ளைக்குத் தேவையான சக்தியில் பாதி அல்லது அதற்கு மேல் தாய்ப்பாலே தந்துவிடும். முதல் வாரம் இரண்டு மூன்று கரண்டி கூழ் மட்டும் போவதால் ஊட்டம் குறைந்துவிடாது. அதற்காக ஒரே தானியத்தில் மாதக்கணக்காக நிற்பதும் தவறு. அந்த வயதில் பலவகை உணவு வேண்டும் என்பதைப் பத்திய மனநிலையில் இருக்கும் வீடுகள் மறந்துவிடுகின்றன.

ஒற்றைத் தானியம் என்றால் அரிசியும்தானே என்று கேட்கலாம். நான் கேப்பையை எடுக்க இரண்டு காரணம். 100 கிராம் கேப்பையில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்கு மேல், எந்தத் தானியமும் அதன் பக்கத்தில் வராது. இரண்டாவது, முளைப்பு. சாதாரணக் கேப்பை மாவைக் கிண்டினால் ஆறியதும் இறுகும். இளக்கத் தண்ணீர் ஊற்றுவோம், ஏழு கிலோப் பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 200 மில்லிதான் கொள்ளும் என்பதால் அது தண்ணீரிலேயே நிறைந்துவிடும். முளைவிட்ட கேப்பையில் மாவுச்சத்தை உடைக்கிற நொதி உருவாகியிருப்பதால், அடுப்பில் சூடேறும்போதே கூழ் தானாக இளகும். குறைந்த தண்ணீரில் கூடுதல் தானியம் உள்ளே போகும், செரிப்பதும் சுலபம். இரும்பைப் பிடித்துவைக்கிற பைட்டேட்டும் முளைப்பதில் குறையும்.

செய்முறையில்தான் உழைப்பு. கேப்பையை நாலைந்து தண்ணீரில் கழுவிக் கல் அரிக்க வேண்டும். எட்டு மணி நேரம் ஊறவைத்துத் துணியில் கட்டினால் மதுரை வெயிலுக்கு ஒரு நாளுக்குள் முளை எட்டிப் பார்க்கும். புளித்த வாடையோ பூஞ்சையோ இருந்தால் கொட்டிவிட வேண்டும். முதல் சில வாரம் இதை மிக்ஸியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை பிழிந்து, அந்தப் பாலைச் சிறுதீயில் கைவிடாமல் கிண்டினேன். பளபளவென்று வரும்போது இறக்கி, இரண்டு சொட்டு நெய். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கிற பதம் வேண்டும். பிழிந்து சக்கையை நீக்கும்போது வயிற்றை உறுத்துகிற தோல் போய்விடும், ஆனால் சுண்ணாம்புச் சத்தில் கணிசமான பங்கும் தோலோடு போய்விடும். அதனால் பால் ஒத்துக்கொண்டதும் முளைகட்டி நிழலில் உலர்த்தி அரைத்த முழு மாவுக்கு மாறிவிடுவது நல்லது.

அரைக்கிற இடம் பற்றி ஒரு எச்சரிக்கை. மாவு மில்லில் நமக்கு முன்னால் கோதுமையோ மிளகாயோ ஓடியிருந்தால் அது நம் மாவிலும் வரும். ஒற்றைத் தானியம் என்று நாம் பட்ட பாடெல்லாம் அங்கேயே வீண். அரிசி அரைத்த பிறகு போடச் சொல்லி, முதலில் விழுகிற இரண்டு கை மாவைத் தனியாக எடுத்துவிடுங்கள். கொஞ்சமாக இருந்தால் வீட்டு மிக்ஸியே போதும்.

கேப்பை எல்லாருக்கும் ஏற்றது என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. நான் வளர்ப்பது ஒரு பிள்ளை. கேப்பை கொடுத்ததும் மலம் இறுகியதாகச் சொல்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும். திட உணவு தொடங்கியதும் எதைக் கொடுத்தாலும் மலம் கொஞ்சம் கெட்டியாவது வழக்கம்தான். கூழுக்குப் பிறகு ஆறவைத்த வெந்நீர் இரண்டு மூன்று மடக்கு கொடுத்தும், மேலே சொன்ன பழங்களைக் கொடுத்தும் இளகவில்லை என்றால் அரிசிக்கு மாறுவதில் தோல்வி ஒன்றுமில்லை. சீரகத் தண்ணீர் நானும் கொடுத்தேன், அதனால்தான் வயிறு அமர்ந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்த வயதுக் கணக்கே மாறலாம், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அரசு தருகிற இரும்புச் சத்து சிரப்பை, 6 மாதத்திலிருந்து வாரம் இரண்டு முறை 1 மில்லி, ஆரம்பித்திருந்தால் மலம் கறுப்பாகப் போகும். அதைக் கேப்பை மேல் போடாதீர்கள்.

சில அறிகுறிகளுக்கு எந்தக் கஞ்சியும் பதில் இல்லை. மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, எடை ஏறாமல் நிற்பது, வயிறு விறைத்து வீங்குவது, விட்டு விட்டு வீறிட்டு அழுது காலை மடக்கிக்கொள்வது. கடைசியாகச் சொன்னது குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்கிற குடல் செருகலாக இருக்கலாம், அது அதிகம் வருவதே இந்த வயதில்தான். தொக்கம் எடுப்பவரிடம் போகிற நேரத்தில் ராசாசி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துக் குழந்தை டாக்டரிடமோ போய்ச் சேர்ந்துவிடலாம்.

அத்தையின் சத்துமாவுக்கும் எங்கள் வீட்டில் இடம் வந்தது. கேப்பைக்குப் பின் அரிசி, பாசிப்பருப்பு, பரங்கிக்காய், முட்டை, கோதுமை, நிலக்கடலை என்று ஒவ்வொன்றாகத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தோம். முட்டையையும் கடலையையும் ஒரு வயதுக்குத் தள்ளிப்போடச் சொல்வது பழைய பழக்கம். ஆறு மாதத்துக்குப் பிறகு அவற்றைத் தாமதிப்பதால் ஒவ்வாமை குறைவதில்லை, கடலையை மட்டும் முழுசாகக் கொடுக்காமல் நைஸாக அரைத்துக் கூழில் கலக்க வேண்டும். உப்புசம் கிளப்பிய சோயாவும் உளுந்தும் எங்கள் மாவில் இல்லை. மற்றதை அத்தையே வறுத்தார். கொட்டை சேர்ந்த மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும் என்பதால், இரண்டு வாரத்துக்குக் காணுகிற அளவுதான் ஒரு தடவைக்கு அரைக்கிறோம்.