ஹெட் வேலைக்குப் பிறகு ஆம்னி உதறுகிறதா? ரிங் மாற்றச் சம்மதிக்கும் முன் இதைப் பாருங்கள்

ஆம்னியின் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகட்டை) வீட்டிலேயே மாற்றுகிறவர்கள்கூட ஒரு வேலைக்கு மட்டும் வெளியே போயே ஆக வேண்டும். ஹெட் ஃபேஸிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது), வால்வு சீட்டிங் (வால்வு உட்காரும் சீட்டை வெட்டிப் பொருத்துவது), பிரஷர் டெஸ்ட் (ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது) மூன்றும் லேத் பட்டறையில்தான் நடக்கும். என்னை ஏமாற்றியதும் அங்கேதான். மூன்றுக்கும் காசு வாங்கினார்கள். வண்டி ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) உதறுகிறது என்று போய் நின்றதும் "உங்க ஃபிட்டிங் சரியில்லை" என்றார்கள். அடுத்துப் பார்த்த கராஜில் சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜைக்கூடக் கையில் எடுக்காமல் "ரிங் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்" என்றார்கள் (ரிங் என்பது அழுத்தம் கீழே கசியாமல் தடுக்கப் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம்). இரண்டும் பொய் என்று அளந்து பார்த்தபோது தெரிந்தது.

ஆம்னியின் 796 சிசி இன்ஜினுக்கு மூன்றே சிலிண்டர். ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய், வண்டி முழுக்க நடுங்கும். பட்டறைக்காரர் சாக்குச் சொல்ல முடியாதபடி நம் பக்கத்து வேலையை முதலில் சரிபார்த்துவிடுங்கள். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-2. பிளக் ஒயர் அதன்படி இருக்கிறதா? வால்வு திறக்கும் நேரத்தை ஒழுங்காக வைக்கும் டைமிங் பெல்ட்டின் இரண்டு மார்க்கும் நேராக நிற்கின்றனவா? ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ஓடும், ஆனால் இழுக்காது. இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டிலும் வாக்யூம் ஹோஸிலும் காற்று உறிஞ்சினால் ஐடிலிங் நிற்காது. இன்ஜின் சூடேறும் முன் அந்த ஓரங்களில் கொஞ்சம் கார்பரேட்டர் கிளீனர் அடித்துப் பாருங்கள். ஓட்டம் மாறினால் ஓட்டை அங்கேதான்.

இவை சரியென்றால் எந்தச் சிலிண்டர் என்று பிடிக்க வேண்டும். கார்பரேட்டர் வண்டியில் இன்ஜின் ஓடும்போது ரப்பர் பிடி போட்ட பிளையரால் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றுங்கள். எம்பிஎஃப்ஐ (கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) வண்டியென்றால் ஒயரைத் தொடாமல் இன்ஜெக்டர் சாக்கெட்டைக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர்.

பிறகு கம்ப்ரஷன். பேட்டரி முழு சார்ஜில், இன்ஜின் சூட்டில், மூன்று பிளக்கும் வெளியே, இக்னிஷன் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். மற்ற இரண்டைவிட ஒன்று மட்டும் 15 பிஎஸ்ஐக்கு மேல் குறைந்தால் கவனியுங்கள். அதன் பிளக் ஓட்டையில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். நன்றாக ஏறினால் ரிங் மேல் சந்தேகப்படலாம். ஏறவே இல்லையென்றால் வால்வு அல்லது கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் விட்டிருக்கிறது. என் வண்டியில் 2-ஆவது சிலிண்டர் மட்டும் குறைந்தது, ஆயில் விட்டும் அசையவில்லை. அதற்கு ரிங் என்ன செய்யும்?

உடனே ஹெட்டைக் கழற்றிவிடாதீர்கள். சீட் வெட்டினால் வால்வு உள்ளே இறங்கும், தண்டு அந்த அளவுக்கு மேலே எழும்பி டேப்பெட் இடைவெளியைத் (வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே விடும் சிறு இடைவெளியை) தின்றுவிடும். வால்வு முழுசாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வாக இருந்தால் விளிம்பு கருகியே போகும். அதனால் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) வைத்து மேனுவல்படி டேப்பெட்டை மறுபடி செட் செய்யுங்கள். குளிர்ந்த இன்ஜின் அளவு வேறு, சூட்டில் அளவு வேறு, குழப்பிக்கொள்ளக் கூடாது.

டேப்பெட் சரியான பிறகும் தேறவில்லையென்றால் அந்த பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்து, கியரில் போட்டு, பிளக் ஓட்டை வழியாகக் காற்று ஏற்றுங்கள். கார்பரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல். எனக்குச் சைலன்சரில் சீறியது.

ஹெட்டைக் கழற்றியதும் எல்லாம் வெளியே வந்தது. வால்வைப் பேஸ்ட் போட்டு ஒழுங்காகத் தேய்த்தால் முகத்தில் முழு வட்டமாகச் சாம்பல் நிறப் பட்டை விழும். 2-ஆவது எக்ஸாஸ்ட் வால்வில் அது பாதி வட்டத்தோடு நின்றிருந்தது. ஹெட் பரப்பில் மெஷின் ஓடிய சீரான கோடுகள் இல்லை, கை டிஸ்க் போட்டுத் தேய்த்த அரைவட்டக் கீறல்கள்தான். ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்காக வைத்தால் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் தாராளமாக நுழைகிறது. பிரஷர் டெஸ்ட்டோ நடந்திருக்கவே முடியாது, அதற்காக ஆம்னி ஹெட்டை அடைக்கும் பிளேட்டே அந்தப் பட்டறையில் இல்லை. செய்யாத வேலைக்குக் காசு வாங்குவதைவிட, அளந்துகூடப் பார்க்காமல் அடுத்தவர் இன்ஜினை இறக்கச் சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஹெட்டைக் கொடுக்கும் முன் நான்கு மூலையிலும் தடிமனை வெர்னியரில் அளந்து போட்டோ எடுத்து வையுங்கள். திரும்ப வாங்கும்போது மறுபடி அளங்கள். மூலைக்கு மூலை வித்தியாசம் மாறியிருந்தால் சாய்த்துச் சீவியிருக்கிறார்கள். அளவுக்கு மேல் சீவினால் கம்ப்ரஷன் ஏறி டிடோனேஷன் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டுவது) வரும், கேம் டைமிங்கும் சற்றுத் தள்ளும். அங்கேயே பிளக்கை மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, எரிஅறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் வையுங்கள். போர்ட்டில் (வால்வுக்குப் பின்னால் உள்ள வழியில்) ஒழுகினால் காசு கொடுக்காதீர்கள். பிரஷர் டெஸ்ட்டைக் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள்.

பில்லில் "ஹெட் வேலை" என்று ஒரே வரியில் எழுத விடாதீர்கள். ஃபேஸிங், சீட்டிங், டெஸ்ட் தனித்தனியாக வர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு போடலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. கம்ப்ரஷன் கேஜ் காட்டிய அளவு, ஸ்கேலடியில் ஃபீலர் கேஜ் நுழைவது, பாதி வட்ட வால்வு எல்லாவற்றையும் மறுபடி சீவக் கொடுக்கும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். புதிதாகச் சீவிய பிறகு பழைய கீறலைக் காட்ட வழியில்லை.