புதிய ஓவியத்தோடு வந்த “மறுஅச்சு” அட்டைகள்: 960 டாலரை இழந்த ஒருவனின் எச்சரிக்கை

மேஜிக்: த கேதரிங் என்னும் சீட்டு விளையாட்டின் அட்டைகளைச் சேர்ப்பவர்களுக்காகவும், பிள்ளைகள் கேட்கிறார்களே என்று அவற்றை வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். பழைய அட்டை ஒன்றை நிறுவனமே புதிய ஓவியத்துடன் மறுபடி அச்சிட்டிருக்கிறது என்று சொல்லி யாராவது உங்களிடம் விற்க வந்தால், பணம் அனுப்பும் முன் இந்தப் பதிவை முழுவதுமாகப் படித்துவிடுங்கள். சென்ற மார்ச் மாதம் அப்படிச் சொன்ன ஒருவரை நம்பி நான் 960 டாலரை இழந்தேன்.

நான் வசிப்பது சியாட்டிலுக்குத் தெற்கே, இந்த விளையாட்டை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அமைந்திருக்கும் ரென்டன் நகருக்கு அருகில். வெள்ளிக்கிழமை மாலைகளில் நானும் என் மகனும் பக்கத்துக் கடையொன்றுக்குப் போய் விளையாடுவது வழக்கம். 1993-இல் வெளிவந்த முதல் தொகுப்பிலிருந்தே டூயல் லேண்டு எனப்படும் நில அட்டைகள் இந்த விளையாட்டில் உண்டு. மொத்தம் பத்தே வகைகள்; ஒவ்வொன்றும் இரண்டு நிற மந்திர ஆற்றலை எந்தத் தடையும் இன்றித் தரும். அவற்றில் நீலமும் கறுப்பும் தரும் அண்டர்கிரவுண்டு சீ என்னும் அட்டைமீது எனக்குப் பல ஆண்டுகளாக ஆசை. ராப் அலெக்சாண்டர் வரைந்த அந்தச் சிறிய கடற்காட்சியை மாணவனாக இருந்த காலத்தில் நண்பர் ஒருவரின் சீட்டுக்கட்டில் பார்த்திருக்கிறேன். ஒரு சீட்டுக்கட்டில் ஓர் அட்டையின் நான்கு பிரதிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால், நான்கும் வேண்டும் என்று பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வந்தேன். ஆனால், நல்ல நிலையில் உள்ள ஒன்றே பல நூறு டாலர் என்னும்போது நான்கு என்பது எட்டாக்கனியாகவே இருந்தது.

சமூக வலைத்தளத்தில் இயங்கும் வாங்கல்–விற்றல் குழு ஒன்றில், பழுப்பு நிற மேசைவிரிப்பின் மீது நான்கு அண்டர்கிரவுண்டு சீ அட்டைகளை வரிசையாக வைத்து எடுத்த படத்தைக் கண்டேன். ராப் அலெக்சாண்டரின் ஓவியம் அவற்றில் இல்லை. இருண்ட குகை ஒன்றின் வாயில் வழியாக நிலவொளி ஒரு கீற்றாக இறங்கிக் கருநீலத் தண்ணீரில் படிவதைப் போன்ற புதியதொரு காட்சி இருந்தது. விற்பவரிடம் விசாரித்தபோது அவர் தயக்கமே இல்லாமல் விளக்கினார். விளையாட்டின் முப்பதாம் ஆண்டையொட்டி நிறுவனம் பழைய அட்டைகளை மறுபடி அச்சிட்டது எனக்குத் தெரியும்தானே என்றும், அதன் தொடர்ச்சியாகக் கடைக்காரர்களுக்கு மட்டும் டூயல் லேண்டுகளைப் புதிய ஓவியத்துடன் கொடுத்திருக்கிறார்கள் என்றும், மறுஅச்சு என்பதால்தான் ஒன்று 240 டாலருக்குக் கிடைக்கிறது என்றும், செய்தி பரவிவிட்டால் விலை ஏறிவிடும் என்றும் சொன்னார்.

இதை எப்படி நம்பினேன் என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய அட்டைகளுக்குப் புதிய ஓவியம் வரைந்து மறுபடி அச்சிடுவது இந்த விளையாட்டில் அன்றாட நடைமுறை. கிறிஸ்டஃபர் ரஷ் முதலில் வரைந்த லைட்னிங் போல்ட் அட்டை மேஜிக் 2010 தொகுப்பில் கிறிஸ்டஃபர் மோலரின் புதிய ஓவியத்துடன் வந்தது. 1996-இல் டெரீஸ் நீல்சன் வரைந்த ஃபோர்ஸ் ஆஃப் வில் அட்டைக்கு, இருபது ஆண்டுகள் கழித்து எடர்னல் மாஸ்டர்ஸ் தொகுப்பில் அவரே வேறோர் ஓவியம் வரைந்து கொடுத்தார். 2002-இல் முதலில் வந்த பொலூட்டட் டெல்டா என்னும் நில அட்டை 2014-இல் கான்ஸ் ஆஃப் தார்கீர் தொகுப்பில் புதிய படத்துடன் வந்தபோது, எட்டாத விலையில் இருந்த ஒன்று என்னைப் போன்றவர்கள் வாங்கும் விலைக்கு இறங்கி வந்தது. 2019 இறுதியில் தொடங்கிய சீக்ரெட் லேர் வரிசையோ பெரும்பாலும் பழைய அட்டைகளைப் புதுப்புது ஓவியங்களில் விற்பதற்கென்றே ஏற்பட்டது. இத்தனை உண்மைகளுக்கு நடுவே ஒரு பொய்யைச் செருகினால், அது பொய்யாகத் தெரிவதில்லை.

பணத்தைப் பேபாலில் “நண்பர்கள், குடும்பத்தினர்” என்ற பிரிவின் கீழ் அனுப்பச் சொன்னார். கட்டணம் மிச்சமாகும் என்றும் சொன்னார். அனுப்பினேன். ஐந்தாம் நாள் உறை வந்தது. பிளாஸ்டிக் காப்புறைகளில் நான்கு அட்டைகளும் பத்திரமாக இருந்தன. அன்றிரவு என் மகன் அவற்றை மேசை விளக்கின் கீழ் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் மனம் நிறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த அட்டைகளோடு பழகிவரும் தமிழ் நண்பர் ஒருவர் இருக்கிறார்; நான் அவரை அண்ணன் என்றுதான் அழைப்பேன். அட்டையை ஆவலோடு நீட்டினேன். ஓவியத்தை ஒரு நொடி பார்த்தவர் முகம் மாறி, “தம்பி, முன்பக்கத்தை அப்புறம் பார்க்கலாம், முதல்ல பின்பக்கத்தைத் திருப்புங்க” என்றார். பையிலிருந்து பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய லென்ஸ் ஒன்றை எடுத்து, தம்முடைய பழைய அட்டை ஒன்றையும் என் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “நீங்களே பாருங்க” என்று என்னிடம் கொடுத்தார்.

மேஜிக் அட்டையின் பின்புற வடிவமைப்பு 1993 முதல் இன்றுவரை மாறவில்லை. பழைய அட்டையும் புதிய அட்டையும் ஒரே சீட்டுக்கட்டில் கலந்திருக்கும்போது எது எதுவென்று பின்புறத்தைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்பதே காரணம். அதன் நடுவில் ஐந்து நிறங்களில் ஐந்து சிறு வட்டங்கள் இருக்கும். இடப்பக்கம் உள்ள பச்சை வட்டத்தை லென்ஸ் வழியே பார்த்தால், அசல் அட்டையில் அந்தப் பச்சைக்குள் மேல்பகுதியில் நான்கு சிவப்புப் புள்ளிகள் ஆங்கில “எல்” எழுத்தைப் போல வளைந்து நிற்கும். அண்ணனின் அட்டையில் அவை எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருந்தன. என் அட்டையில் பச்சை வட்டம் முழுவதும் மங்கலான ஒரே கலவையாக இருந்தது. சிவப்புப் புள்ளிகள் அங்கங்கே சிதறிக் கிடந்தன, வடிவம் என்று எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. அசலில் எழுத்துகள் தனிக் கறுப்பு மையில் அச்சாவதால், லென்ஸின் கீழும் அவற்றின் விளிம்பு கத்தியால் வெட்டியதைப் போலக் கூர்மையாக இருக்கும். என் அட்டையின் எழுத்துகளோ ஓவியத்தைப் போலவே வண்ணப் புள்ளிகளால் ஆகியிருந்தன. அதாவது, முழு அட்டையையும் ஒரே படமாக வைத்து அச்சிட்டிருக்கிறார்கள். 2014 கோடையில் வந்த மேஜிக் 2015 தொகுப்பிலிருந்து புதிய வடிவமைப்பில் அச்சாகும் அரிய அட்டைகளின் அடியில் முட்டை வடிவில் ஒளிரும் சிறு முத்திரை ஒன்று உண்டு; சாய்த்தால் மின்னும். என் அட்டையில் அதே இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு முட்டை வடிவத்தை வெறுமனே அச்சிட்டிருந்தார்கள். எப்படிச் சாய்த்தாலும் அது அசையவில்லை. ஓவியர் பெயர் வரவேண்டிய இடத்தில் சிறிய தூரிகைக் குறி மட்டும் இருந்தது, பெயரே இல்லை. இந்த ஒன்றை நான் வாங்கும்போதே கவனித்திருக்க வேண்டும். ஓவியரின் பெயர் இல்லாத மறுஅச்சை இந்த நிறுவனம் வெளியிட்டு நான் கண்டதே இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அண்ணன் சொன்ன ஒரு செய்தி என்னை உலுக்கியது. அப்படி ஓர் அட்டை இருக்கவே முடியாது. 1995-இல் ஃபோர்த் எடிஷன், குரோனிக்கிள்ஸ் ஆகிய தொகுப்புகளில் பழைய அட்டைகள் ஏராளமாக மறுபடி அச்சாகி, தங்களிடம் இருந்தவற்றின் மதிப்பு சரிந்ததால் சேகரிப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுடைய நம்பிக்கையை மீட்பதற்காக 1996-இல் நிறுவனம் ரிசர்வ்டு லிஸ்ட் என்னும் பட்டியலை வெளியிட்டு, அதில் உள்ள அட்டைகளை இனி அச்சிட மாட்டோம் என்று உறுதி கொடுத்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகள் அதில் உள்ளன. பத்து டூயல் லேண்டுகளும் அவற்றுள் அடங்கும். அந்த உறுதிமொழி ஓவியத்தைப் பற்றியது அன்று, அட்டையின் செயல்பாட்டைப் பற்றியது. படத்தை மாற்றினாலும், பெயரையே மாற்றினாலும், செயல்பாடு அப்படியே இருந்தால் அதை அச்சிட மாட்டோம் என்பதுதான் அதன் பொருள். மினுமினுக்கும் ஃபாயில் அட்டைகளுக்கு இருந்த சிறு விதிவிலக்கையும் 2010-இல் மூடிவிட்டார்கள். போட்டிகளில் பயன்படுத்தத்தக்க டூயல் லேண்டுகள் 1994-க்குப் பிறகு அச்சாகவே இல்லை.

அப்படியானால், விற்றவர் சொன்ன முப்பதாம் ஆண்டு வெளியீடு? அது உண்மைதான். 2022 நவம்பரில் நான்கு உறைகள், உறைக்குப் பதினைந்து அட்டைகள் என்று 999 டாலருக்கு விற்றார்கள். ஆனால் அவற்றின் பின்புறம் வழக்கமான பின்புறத்திலிருந்து வேறுபட்டது. போட்டியில் பயன்படுத்தவும் முடியாது. அவற்றில் இருந்ததும் பழைய ஓவியங்களே. ரிசர்வ்டு லிஸ்ட் அட்டைகளுக்குப் புதிய ஓவியம் அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எடுத்துக்காட்டாக, 2014-இல் வின்டேஜ் மாஸ்டர்ஸ் தொகுப்புக்காகக் கிறிஸ் ரான் வரைந்த பிளாக் லோட்டஸ் அட்டை இருக்கிறது. ஆனால் அந்தத் தொகுப்பு கணினித் திரையில் ஆடும் மேஜிக் ஆன்லைனில் மட்டுமே வெளிவந்தது. இணையத்தில் தேடுபவர் கண்ணில் அதைப் போன்ற படங்கள் பட்டு, “ஆமாம், புதிய ஓவியத்தில் இருக்கிறதே” என்று நினைத்துவிட நிறையவே இடமுண்டு.

புதிய ஓவியம் என்பது ஏமாற்றுகிறவர்களுக்குக் கிடைத்த மிக நல்ல மறைப்பு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பழைய ஓவியத்தைப் போலியாக அச்சிட்டால், நிறம் சற்று வெளிறினாலும் கோடு சற்று மங்கினாலும் பழகிய கண் கண்டுகொள்ளும், ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க அசல் ஒன்று நம் நினைவிலாவது இருக்கும். இதுவரை யாரும் காணாத ஓவியத்துக்கு எதை வைத்து ஒப்பிடுவது? நான் நான்கு நாள் அந்தப் படத்தின் அழகைப் பார்த்தேனே ஒழிய, ஒரு தடவைகூட அட்டையைத் திருப்பி என்னிடமே இருந்த நூற்றுக்கணக்கான சாதாரண அட்டைகளோடு வைத்துப் பார்க்கவில்லை.

ஆகவே, புதிய ஓவியத்துடன் ஓர் அட்டை உங்களிடம் வந்தால், முதலில் ஸ்க்ரைஃபால் தளத்தில் அதன் பெயரைத் தேடுங்கள். ஓர் அட்டை எந்தெந்த ஆண்டுகளில், எந்தெந்தத் தொகுப்புகளில், யாருடைய ஓவியத்துடன் அச்சானது என்பது முழுவதும் அங்கே படத்தோடு இருக்கிறது. அது ரிசர்வ்டு லிஸ்டில் உள்ளதா என்பதையும் அங்கேயே காணலாம். உங்கள் கையில் உள்ள ஓவியம் அங்கே இல்லையென்றாலோ, மேஜிக் ஆன்லைன் வெளியீடாக மட்டுமே இருந்தாலோ, பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே இருந்தாலும் பின்புறத்தின் நெருக்கமான படத்தைக் கேளுங்கள். பத்து மடங்கு லென்ஸ் சில டாலர்களுக்குக் கிடைக்கிறது. பொருள் வாங்குவதற்கு “நண்பர்கள், குடும்பத்தினர்” பிரிவில் ஒருபோதும் பணம் அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பிய பணத்துக்கு பேபாலின் வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது. என் முறையீடு ஏற்கப்படாமல் போனதற்கு அதுவே காரணம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அசல் அட்டையின் மீதே தூரிகையால் வண்ணம் தீட்டித் தரும் கலைஞர்கள் இருக்கிறார்கள். வீட்டில் நண்பர்களோடு ஆடுவதற்காக, நகல் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு அச்சிட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அசலின் பின்புறத்தைப் போலவே அச்சிட்டு, அதை நிறுவனத்தின் மறுஅச்சு என்று சொல்லி விற்பதுதான் திருட்டு.

விற்றவருக்கு நான் எழுதிய முதல் கேள்விக்கே பதில் வரவில்லை. மறுநாள் அவருடைய கணக்கும் மறைந்துவிட்டது. கூட்டாட்சி வணிக ஆணையத்திடமும், பொருள் தபாலில் வந்ததால் தபால் துறையின் புலனாய்வுப் பிரிவிடமும் புகார் கொடுத்திருக்கிறேன். நான்கு அட்டைகளின் முன்னும் பின்னும் அழியாத மையில் “போலி” என்று எழுதி, சான்றுக்காக உறையோடு வைத்திருக்கிறேன். எழுதும்போது மகன் பக்கத்தில் நின்று, “அப்பா, யாருக்காவது கொடுத்துடலாமே, படம் நல்லாத்தானே இருக்கு” என்றான். எழுதாமல் கொடுத்தால் இன்னொருவர் இதையே அசல் என்று விற்கக்கூடும் என்று விளக்கினேன். பிறகு நான்காவது அட்டையில் அவனே எழுதினான்.

சென்ற வாரம் வேறொரு குழுவில், வேறு பெயரில், அதே பழுப்பு மேசைவிரிப்பின் மீது புதிய ஓவியத்துடன் நான்கு டிராபிக்கல் ஐலண்டு அட்டைகள் விற்பனைக்கு வந்திருந்தன. விலை 220 டாலர். குழுவின் பொறுப்பாளர்களுக்குத் தெரிவித்தேன், அந்தப் பதிவு நீக்கப்பட்டுவிட்டது. டிராபிக்கல் ஐலண்டும் அந்தப் பத்து டூயல் லேண்டுகளில் ஒன்று.